வலது பக்கத்தையும் பாருங்கள்

சின்ன வயதில் ஓடி விளையாடும்போது நான் இடையில் சட்டென்று குந்திவிடுவேனாம். மற்றப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி இருப்பேன். கொஞ்ச நேரத்தில் எழும்பித் திரும்பவும் ஓடுவேன். "மண்ணில என்னத்தையோ தேடுறாள் எண்டுதான் நான் நினைச்சன்" என்று அம்மா இப்பவும் சொல்லுவார். என் உதடும் நகமும் நாவற்பழம் தின்றது போல நீலமாக இருப்பதை முதலில் கவனித்தது அம்மம்மாதான்.

அந்தக் குந்தல், உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம். குந்தும்போது கால் இரத்தக்குழாய்கள் மடங்கி, உடம்புக்குப் போகும் இரத்தத்துக்கு எதிர்ப்புக் கூடும். அதனால் இருதயத்தில் உள்ள ஓட்டை வழியாக நழுவிப் போகும் அசுத்த இரத்தம் குறைந்து, சுவாசப்பைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இதை ஒரு டொக்டர் எனக்குப் படம் கீறிக் காட்டியபோது எனக்கு வயது 33. அதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு இருந்தது டெட்ராலஜி ஒஃப் ஃபலோ. 1888இல் இதை விவரித்த ஃபலோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர்தான் அது. பிறவியிலேயே நான்கு குறைகள் சேர்ந்து இருக்கும். இரண்டு இதயவறைகளுக்கும் இடையிலே ஓட்டை. சுவாசப்பைக்கு இரத்தம் போகிற வழி ஒடுங்கியிருக்கும். பெருநாடி அந்த ஓட்டைக்கு மேலே ஏறி நிற்கும். ஒடுங்கிய வழியால் தள்ளித் தள்ளி வலது இதயவறையின் சுவர் தடித்துப்போகும். ஊரில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான்: "இருதயத்தில ஓட்டை".

1995இல், ஆறு வயதில், கொழும்பில் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. யுத்த காலம். திருகோணமலையிலிருந்து பஸ்ஸில், கந்தளாய், ஹபரணை என்று ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் இறங்கி ஏறிப் போனதாக அப்பா சொல்லுவார். எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம். நெஞ்சில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணி. அதன் பிறகு அம்மா ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொன்ன சொல்: "ஓட்டை அடைச்சாச்சு. இனி ஒண்டும் இல்லை."

இதை எழுதுவதே அந்த "இனி ஒண்டும் இல்லை"க்காகத்தான்.

அன்றைக்கு ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. ஒடுங்கிய வழியையும் வெட்டி, துண்டு வைத்து அகலமாக்கினார்கள். அப்படி அகலமாக்கும்போது அந்த வழியில் இருக்கும் சுவாசப்பை வால்வையும் குறுக்கே வெட்ட வேண்டி வந்தது. அந்த வால்வு அதற்குப் பிறகு சரியாக மூடாது. வலது இதயவறை தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி உள்ளே விழும். இதில் யாருடைய பிழையும் கிடையாது. உயிரைக் காப்பாற்ற அந்த நேரம் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. குழந்தைகள் இந்தக் கசிவை நன்றாகத் தாங்குவார்கள். பத்து வருடம், இருபது வருடம், சிலர் அதற்கு மேலும் ஒரு குறையும் தெரியாமல் இருப்பார்கள். ஆனால் வலது இதயவறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போகும். தெரியும்படி ஒன்றும் நடக்காது. படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பதினைந்து வயது வரைக்கும் வருடத்துக்கு ஒரு தடவை கிளினிக் போனோம். அப்புறம் 2004 மார்கழி 26, சுனாமி. எங்கள் வீடு அப்போது கடற்கரையை அண்டி இருந்தது. நாங்கள் உயிரோடு மேட்டுக்கு ஓடிவந்துவிட்டோம். வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் வந்துபோனது. கிளினிக் கொப்பி, ஒப்பரேசன் விபரம் எழுதிய கடதாசி, பழைய எக்ஸ்ரே எல்லாம் அம்மாவின் இரும்புப் பெட்டியோடு போய்விட்டன. அந்த நேரம் அதைப் பற்றி அழுவதற்கு யாருக்கு நேரம் இருந்தது? பக்கத்து வீடுகளில் ஆட்களையே காணவில்லை. முகாமில் இருந்தோம், பிறகு உவர்மலைக்கு வந்தோம். அதற்குள் நான் சிறுவர் கிளினிக்கின் வயதைத் தாண்டியிருந்தேன். பெரியவர்களுக்கான கிளினிக்குக்கு மாற்றிவிட யாரும் இல்லை, காட்டுவதற்குக் கொப்பியும் இல்லை. நானும் நன்றாகத்தான் இருந்தேன். ஓ.எல்., ஏ.எல்., சங்கீதத்தில் பட்டம், பாடசாலையில் சங்கீத ஆசிரியை வேலை, 2020இல் கலியாணம். கிட்டத்தட்ட பதினெட்டு வருடம் என் இருதயத்தை யாரும் பார்க்கவில்லை.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது எல்லோருக்கும் தெரியும். என் ஸ்கூட்டி வாசலில் நின்றுவிட்டது. நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். போவது இறக்கம், சுகம். வரும்போது உவர்மலை ஏற்றத்தில் பாதி வழியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ள வேண்டி வந்தது. பழக்கமில்லாததுதான் காரணம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்தும் அதே இடத்தில்தான் இறங்கினேன். என்னோடு வரும் கணித டீச்சர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவர் கதைத்துக்கொண்டே மேலே ஏறிவிடுவார்.

அதோடு பாட்டிலும் தெரிந்தது. வர்ணத்தில் ஒரு மூச்சில் முடிக்கிற அடியை நான் இரண்டாகப் பிரித்துப் பாடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் என்னைப் பார்த்து அதே இடத்தில் மூச்செடுக்கப் பழகிவிட்டார்கள். ஒரு நாள் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், ரெக்கோடில வாறவங்க இதில மூச்சு எடுக்கேல்லையே" என்று கேட்டாள். அன்றைக்கு இரவுதான் இவரிடம் சொன்னேன்.

முதலில் ஒரு தனியார் இடத்தில் எக்கோ எடுத்தோம், ஒலியை அனுப்பி இருதயத்தைப் படம் பிடிக்கிற ஸ்கேன். ஐந்து, ஆறு நிமிடத்தில் முடிந்தது. ரிப்போர்ட்டில் "ஈ.எஃப். 62 வீதம், சாதாரணம்" என்று இருந்தது. இருதயம் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் சின்ன வயதில் ஒப்பரேசன் செய்ததைச் சொன்னேன், நெஞ்சில் நீட்டுக்குத் தழும்பு இருக்கிறது, அதைப் பார்த்தார்கள். இருந்தாலும் அவர்கள் அளந்தது இடது பக்கத்தை. ஈ.எஃப். என்று பொதுவாக எழுதுவது இடது இதயவறை ஒரு துடிப்பில் எத்தனை வீதம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. மாரடைப்பு, பிரஷர் வந்தவர்களுக்கு அதுதான் முக்கியம். எனக்கோ கேள்வி எல்லாம் வலது பக்கத்தில் இருந்தது. அந்த ரிப்போர்ட்டில் வலது இதயவறை பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பாயாசம் வைத்தோம்.

ஏழு மாதம் அந்தக் கடதாசியை நம்பி இருந்தேன். எனக்கு இன்னும் மனதை அறுப்பது அந்த ஏழு மாதம்தான்.

அடுத்த வருடம் மாசியில், பிள்ளை பெறுவது பற்றிக் கேட்கப் போன இடத்தில் ஒரு பெண் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, வெகு நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார். பிறகு, "பிள்ளை, உங்கட ஒப்பரேசன் நோட் இருக்கா?" என்றார். கடலில் போய்விட்டது என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த ஊரில் அது ஆச்சரியமான பதில் இல்லை.

அவர் அனுப்பிய இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வலது பக்க மின்னோட்டம் தடைப்பட்டு, வரைபடத்தில் அந்தக் கூர்முனை அகன்றிருந்தது. ஃபலோ ஒப்பரேசன் செய்தவர்களில் அநேகமானோருக்கு அப்படி இருக்கும். ஆனால் எவ்வளவு அகலம் என்பதைக் கவனிக்க வேண்டும், 180 மில்லிசெக்கனைத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் வருவதற்கு இடமுண்டு. எனக்கு 158. நெஞ்சு எக்ஸ்ரேயில் இருதயம் பெருத்திருந்தது. நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பிகள் நேர்கோட்டில், சின்னச் சின்ன முடிச்சாகத் தெரிந்தன. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டிய கம்பிகள். அவற்றைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது.

அப்புறம் எக்கோ. இந்த முறை நாற்பது நிமிடம். நிறம் போட்டுப் பார்க்கும் டொப்ளர் படத்தில், சுவாசப்பை வால்வு இருக்க வேண்டிய இடத்தில் நீலமும் சிவப்பும் மாறி மாறி, அகலமாகப் போய் வந்துகொண்டிருந்தன. கதவே இல்லாத வாசலில் ஆட்கள் போய் வருவது போல. "கசிவு கடுமை. வலது இதயவறை பெருத்திருக்கு. எவ்வளவு எண்டு இதால சரியாச் சொல்ல ஏலாது. எம்.ஆர்.ஐ. எடுக்கோணும்" என்றார் டொக்டர்.

ஏன் சரியாகச் சொல்ல முடியாது என்று எனக்கு விளங்கவில்லை. அதை விளங்கவைத்தது திருக்கடலூரில் இருக்கும் என் சித்தப்பா. அவர் படகில் மீன் பார்க்கிற மெஷின் இருக்கிறது. அதுவும் ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் போடுவதுதான். நான் எக்கோ பற்றிச் சொன்னதும் சித்தப்பா, "அதுக்கடியில காத்துக் குமிழி வந்தா ஒண்டும் தெரியாது பிள்ளை. படகு துள்ளினா திரை முழுக்க வெறும் புள்ளிதான்" என்றார். அப்படியே இதுவும். ஒலி காற்றையும் எலும்பையும் தாண்டிப் போகாது. வலது இதயவறை நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது, சுற்றிலும் காற்று நிரம்பிய சுவாசப்பை. வளர்ந்த ஒருவரில், அதுவும் ஒரு தடவை வெட்டித் தைத்த நெஞ்சில், அதன் முழு உருவமும் எக்கோவுக்கு அகப்படாது. போதாததற்கு அதன் வடிவம் வேறு. இடது இதயவறை கூம்பு மாதிரி, இரண்டு மூன்று இடத்தில் அளந்தால் கொள்ளளவைக் கணக்குப் போடலாம். வலது இதயவறை இடதைச் சுற்றி வளைந்து கிடக்கும் பிறை. அதற்குச் சுலபமான கணக்குக் கிடையாது.

பிறகு தேடிப் படித்ததில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற இருதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் முதன்முதலில் இருதயத்தின் எக்கோவைப் பதிந்தார்கள். அவர்கள் முதலில் முயன்று பார்த்த கருவி, மால்மோ கப்பல் கட்டும் துறையில் உலோகத்தில் வெடிப்புப் பார்ப்பதற்கு வைத்திருந்தது. இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்த என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

எம்.ஆர்.ஐ.க்குக் கொழும்பு. இரவு ரயிலில் ஏறினால் விடியப்புறம் கோட்டையில் இறங்கலாம். எனக்கு நித்திரையே வரவில்லை, இவரும் விழித்திருந்தார்.

அங்கே முதல் கேள்வி: உடம்புக்குள் என்ன உலோகம் இருக்கிறது? ஒப்பரேசன் நோட் இல்லாததால் எனக்குப் பதில் தெரியாது. நல்லகாலம் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டு போயிருந்தேன். நெஞ்செலும்புக் கம்பிகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று அதைப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். அந்தக் கம்பிகளால் ஆபத்தில்லை, படத்தில் அந்த இடம் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு காப்பு, தோடு, ஊசி, கொண்டைக் கிளிப், எல்லாம் கழற்ற வேண்டும். தாலியும். மாமி இதை முதலே யோசித்து, மஞ்சள் துண்டு கட்டிய கயிறு ஒன்றைக் கைப்பையில் வைத்து அனுப்பியிருந்தார். ஒன்றும் சொல்லாமல், ஒரு சின்னக் கடதாசியில் சுற்றி. கலியாணத்துக்கு முன் என் தழும்பைப் பற்றி எத்தனையோ பேர் மாமியிடம் கதை சொன்னவர்கள். அன்றைக்கு அந்தக் கயிற்றைக் கழுத்தில் போட்டபோது அதெல்லாம் மனதிலிருந்து போய்விட்டது.

நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டினார்கள். எம்.ஆர்.ஐ. ஒரு துடிப்பில் முழுப் படத்தையும் எடுத்துவிடாது. பல துடிப்புகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு துடிப்பாக்குகிறது. எந்தத் துண்டு துடிப்பின் எந்தக் கட்டத்தில் வந்தது என்று தெரிய ஈ.சி.ஜி. வேண்டும். மூச்சினால் நெஞ்சு அசைந்தால் துண்டுகள் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை நிறுத்த வேண்டும். காதில் ஹெட்போன், கையில் அவசரத்துக்கு அமத்த ஒரு ரப்பர் உருண்டை. கண்ணைத் திறந்தால் மூக்குக்கு மேலே குழாய். நான் திறக்கவில்லை.

கட்டளைகள் சிங்களத்தில் வந்தன. "ஹுஸ்ம கன்ன." மூச்செடு. "ஹுஸ்ம பிட கரன்ன." வெளியே விடு. அப்புறம் நிறுத்து. விட்ட மூச்சோடு நிறுத்த வேண்டும், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாடுகிறவர்கள் மூச்சை நிரப்பிப் பிடித்துப் பழகியவர்கள். வெறும் நெஞ்சோடு பத்து, பதினைந்து செக்கன் இருப்பது தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருந்தது. ஆனால் வெளியே விடும்போதுதான் இருதயம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்குமாம். மெஷின் தட்டுகிற சத்தம் காதைப் பிளந்தது. மூன்றாவது தடவை நான் மனதுக்குள் ஆதி தாளம் போடத் தொடங்கினேன். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் மூச்சை விடச் சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. நாற்பது தடவைக்கு மேல் அப்படி. கடைசியில் கை நரம்பால் கடோலினியம் மருந்து ஏற்றி, இருதயத் தசையில் எங்கே தழும்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் இந்த மருந்தை இயன்றவரை தவிர்ப்பார்கள். பிள்ளைக்கு முன் இதை எடுக்க வேண்டும் என்று அந்த டொக்டர் அவசரப்படுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாம் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வெளியே வந்ததும் அந்த ரேடியோகிராபர் "போம ஹொந்தாய்" என்று சொல்லிச் சிரித்தார். மிக நல்லது.

ஒரு கிழமை கழித்து ரிப்போர்ட். அதை அன்றைக்கு எனக்கு விளங்கப்படுத்திய மாதிரியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எண்கள் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இருதயத்தைப் பாண் வெட்டுவது போலக் குறுக்கே துண்டு துண்டாகப் படம் எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வலது இதயவறையின் ஓரத்தைக் கீறி, எல்லாப் பரப்பையும் கூட்டி, தடிப்பால் பெருக்கினால் கொள்ளளவு வரும். ஊகம் இல்லை. அதை உடம்பின் பரப்பால் பிரிப்பார்கள். சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு அது, இருதயம் நிரம்பியிருக்கும்போது, சதுர மீற்றருக்கு 100 மில்லிலீற்றரைச் சுற்றி அல்லது அதற்குக் கீழே இருக்கும். எனக்கு 168. சுருங்கி முடிந்த நேரத்தில் 86. முதலாவது 160ஐயும் இரண்டாவது 80ஐயும் தாண்டினால் வால்வு போடுவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த எல்லைக்கு மேலே போக விட்டால், வால்வு போட்ட பிறகும் இருதயவறை பழைய அளவுக்குத் திரும்புவது கஷ்டம். கசிவு 44 வீதம். நூறு மில்லிலீற்றர் வெளியே போனால் 44 திரும்பி வந்துகொண்டிருந்தது. உவர்மலை ஏற்றத்தில் என் இருதயம் செய்த வேலையில் பாதிக்குக் கிட்ட வீண்.

இன்னொன்றும் அதில் இருந்தது. 1995இல் என்ன செய்தார்கள் என்பது. வால்வுக்குக் குறுக்கே வைத்த துண்டு எவ்வளவு நீளம், அது இப்போது எப்படி வீங்கியிருக்கிறது, ஓட்டை அடைத்த இடத்தில் கசிவு இல்லை, இடது சுவாசப்பைக்குப் போகும் கிளை கொஞ்சம் ஒடுக்கம். கடல் கொண்டுபோன கடதாசியில் எழுதியிருந்ததெல்லாம் என் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ சின்ன வயதில் இருதய ஒப்பரேசன் நடந்திருந்தால், கடைசியாக எப்போது படம் எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எக்கோ எடுத்தால், இது ஃபலோ செய்த நெஞ்சு என்று முதலே சொல்லி, வலது பக்கத்தையும் சுவாசப்பை வால்வையும் பார்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிறவிக் குறைகளை மட்டும் பார்க்கிற இருதய மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது, சின்ன ஓட்டையை மட்டும் அடைத்தவர்களின் கதை வேறு. எது தேவை என்று சொல்ல ஒருவர் உங்கள் நெஞ்சைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்லுவது.

வால்வு போடும் ஒப்பரேசனுக்கு முன் சி.டி.யும் எடுத்தார்கள். இவ்வளவு படம் எடுத்த பிறகு இது ஏன் என்று கேட்டேன். இரண்டாவது தடவை நெஞ்செலும்பை அறுக்கும்போது, பழைய தழும்பில் இருதயம் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருக்கலாம். எலும்புக்கும் இருதயத்துக்கும் நடுவில் எத்தனை மில்லிமீற்றர் என்று வாளை வைக்க முன் தெரிய வேண்டும். அதோடு ஃபலோ உள்ளவர்களில் சிலருக்கு இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கிற நாடி ஒன்று தவறான பக்கத்திலிருந்து புறப்பட்டு, வெட்ட வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஓடும். சி.டி.யில் அது நூல் போலத் தெளிவாகத் தெரியும். படம் எடுக்கச் சில செக்கன்தான், ஆனால் கதிர்வீச்சு உண்டு, ஆகவே தேவைக்கு மட்டும். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் சூடு இறங்கியது. கன்னியா வெந்நீரை உள்ளே ஊற்றியது போல இருந்தது.

2023 கார்த்திகையில் வால்வு போட்டார்கள். மாட்டின் இருதய உறையிலிருந்து செய்த வால்வு. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பசு பால் தந்துதானே வளத்தது. இதையும் தருது" என்று சொல்லி எழும்பிப் போய், பத்திரகாளி அம்மனுக்கு விளக்குக் கொளுத்தினார். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனம் இல்லை. நோவு இருந்தது, போனது.

ஒரு வருடம் கழித்து அடுத்த எம்.ஆர்.ஐ. இந்த முறை அம்மாவும் கொழும்புக்கு வந்தார். 1995க்குப் பிறகு என் இருதயத்துக்காக அம்மா கொழும்பு வந்தது அதுதான் முதல் தடவை, ஒப்பரேசன் நேரம் முழங்கால் நோவால் வர முடியவில்லை. மூச்சை நிறுத்துவது சுகமாக இருந்தது. தாளம் போடாமலே முடித்தேன்.

டொக்டர் படத்தைக் கொம்பியூட்டரில் ஓடவிட்டுக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் என் இருதயம் விரிந்து சுருங்கியது. அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இதென்ன டொக்டர், கறுப்பா? இன்னும் ஓட்டை இருக்கே?"

டொக்டர் கதிரையைத் திருப்பி அம்மாவுக்கு முன்னால் இருந்தார். "இல்லை அம்மா. அது புது வால்வின்ர வளையம். அதில உலோகம் இருக்கு, அதால படத்தில அந்த இடம் கறுப்பாத் தெரியும். அதுதான் இப்ப கதவு." பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 168 இருந்த இடத்தில் 117. எண்களைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. இடது பக்கத்தை நசுக்கிக்கொண்டு உப்பியிருந்த பிறை மெலிந்திருந்தது, இடது அறை வட்டமாகியிருந்தது.

அம்மா கேட்டார்: "அப்ப இனி ஒண்டும் இல்லையா?"

"இருக்கு அம்மா. இந்த வால்வும் ஒரு காலத்தில தேயும். வருசா வருசம் எக்கோ, இடைக்கிடை எம்.ஆர்.ஐ. பாத்துக்கொண்டே இருக்கோணும்."

அம்மா தலையாட்டினார். முப்பது வருடமாகச் சொன்ன சொல்லை யாரோ கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டது போல இருந்தது அவர் முகம்.

பிள்ளை விஷயம் பற்றி இப்போது டொக்டர்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம். இருதயக் குறையோடு பிறந்த அம்மாவின் பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. ஆகவே 18க்கும் 22க்கும் இடைப்பட்ட கிழமைகளில் வயிற்றிலேயே பிள்ளையின் இருதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு டிஸ்க்கும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ரிப்போர்ட் கடதாசி மட்டும் போதாது, அடுத்த தடவை அளப்பவருக்குப் பழைய படமே வேண்டும் என்பதால் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. ஒரு பிரதி வவுனியாவில் தம்பி வீட்டில், கடலுக்குத் தூரமாக. மற்றது அம்மாவின் வாளியில். சுனாமிக்குப் பிறகு அம்மா முக்கியமான கடதாசி எல்லாவற்றையும் இறுக்க மூடி போட்ட நீல வாளி ஒன்றில் போட்டு, அலுமாரிக்கு மேலே, கை எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறார். உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் பென்ஷன் புத்தகம். போன கிழமை பார்த்தேன். என் டிஸ்க்குகளைப் பொலித்தீனில் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார்.